காலங்குலத் தோட்டா, தாழ்வளைவு, பின்னுதை: வந்த பரிந்துரைகளும் என் தேர்வும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் குவார்ட்டர் போர், ஃபிளாட் ஷூட்டிங், ரீகாயில் என்ற மூன்று துப்பாக்கிச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். வந்த மடல்களை எல்லாம் அச்செடுத்து, பெரம்பூர் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு மாலை உட்கார்ந்து பென்சிலோடு படித்தேன். சில இடங்களில் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். ஓரிடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்க வேட்டைக்காரர்கள் சிலர் .25-06 ரெமிங்டன் என்ற ரைபிள் தோட்டாவோடு தங்களுக்கு ஏற்பட்ட அனுபவங்களை எழுதியிருக்கிறார்கள். அதைத் தமிழாக்கும் வேலை என் கையில் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டே விஷயம்தான்: சன்னம் (தோட்டாவிலிருந்து பாயும் நுனித் துண்டு) அதிகம் இறங்காமல் போகிறது, தோளில் அடி குறைவாக விழுகிறது. இந்த இரண்டுக்கும் சரியான சொல் கிடைக்காவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் இடறும்.

> நம் நாட்டில் 1972லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வேட்டை இல்லாத ஊரில் வேட்டைத் துப்பாக்கிக்குச் சொல் எதற்கு?

கோவை அம்மா கேட்டது நியாயமான கேள்வி. வேட்டை இங்கே இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் துப்பாக்கி சுடுதல் ஒலிம்பிக் விளையாட்டு. நம் பிள்ளைகள் சென்னையிலேயே பயிற்சி எடுக்கிறார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் தமிழில் எழுத வேண்டியவர்களும் இருக்கிறார்கள். பனிக்கட்டி பெய்யாத ஊரில் இருந்துகொண்டே பனிச்சரிவு என்று சொல் செய்து வைத்திருக்கிறோம். அது போலத்தான் இதுவும்.

சரி, முதலில் எளிதானவை.

தோட்டா என்பதை மாற்ற வேண்டாம் என்று பெரும்பாலானவர்கள் எழுதியிருந்தீர்கள், எனக்கும் அதுவே சம்மதம். ஆனால் நம் செய்தித்தாள்களில் ‘உடலில் தோட்டா பாய்ந்தது’ என்று எழுதுகிறார்களே, அது தவறு. பித்தளைக் கூடு, அடியில் தீப்பற்றும் மூடி, உள்ளே வெடிமருந்து, நுனியில் உலோகத் துண்டு, இவை நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. பாய்வது நுனித் துண்டு மட்டும், கூடு துப்பாக்கியிலேயே நின்றுவிடும். அந்த நுனித் துண்டுக்கு யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘சன்னம்’ எனக்கு உடனே பிடித்துவிட்டது. குண்டு என்றால் இங்கே வெடிகுண்டும் அதுதான், உருண்டையும் அதுதான். சன்னம் என்ற சொல்லே மெலிந்து கூர்ந்து நிற்கிறது. ஈழத்தில் பத்திரிகைத் தமிழில் அது நன்றாக வேரூன்றிய சொல். நாம் புதிதாகச் செய்யத் தேவையில்லை, எடுத்துக்கொண்டால் போதும்.

சன்னத்தின் எடையைச் சொல்லும் கிரெய்ன் என்ற அளவுக்குக் குன்றிமணி போடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆசை புரிகிறது, ஆனால் கூடாது. ஒரு குன்றிமணி கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன் எடை. ஒரு அளவின் பெயரை இன்னொரு அளவுக்குக் கொடுத்தால் கணக்கு போய்விடும். கிரெய்ன் கிரெய்னாகவே இருக்கட்டும். வாசகருக்குக் கைக்கு எட்டுகிற மாதிரி ஒப்பிட்டுச் சொன்னால் போதும்: 100 கிரெய்ன் சன்னம் சுமார் ஆறரை கிராம், அதாவது ஒரு சவரன் தங்கத்தைவிட லேசானது. அது குழலை விட்டு வெளியேறும் வேகம் வினாடிக்குச் சுமார் 3,200 அடி, ஒலியைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

அடுத்து கால். இது எனக்குத் தனி மகிழ்ச்சி. இந்த வகைத் தோட்டாக்களை அங்கே ‘கால் துளை’ என்று பொருள்படும் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். தமிழுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காலும் அரைக்காலும் மாகாணியும் வைத்து வாய்ப்பாடு படித்த மொழி இது. பாரிமுனை ஹார்டுவேர் கடையில் இன்றும் கால் இன்ச் போல்ட் என்றுதான் கேட்கிறோம். ‘காலங்குலத் தோட்டா’ என்று சேர்த்து எழுதினால் உடல் கால், பொழுது காலம் என்ற குழப்பமும் வராது.

> .257 அங்குலம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது எப்படிக் காலங்குலம் ஆகும்?

சேலத்து ஐயாவுக்குப் பதில் இது. ரைபிள் குழலுக்குள் மரை போலச் சுற்றிச் சுற்றிப் புரி வெட்டியிருப்பார்கள். புரியின் மேட்டிலிருந்து எதிர் மேடு வரை அளந்தால் 0.250 அங்குலம், சரியாகக் கால். பள்ளத்திலிருந்து பள்ளம் வரை அளந்தால் 0.257. சன்னம் பள்ளத்தை அடைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதால் அதன் விட்டமும் 0.257, நம் கணக்கில் ஆறரை மில்லிமீட்டர். ஆகவே கால் என்பது குழலைப் பார்த்து வைத்த பெயர், சன்னத்தைப் பார்த்து அல்ல. இந்தக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் குழல் அளவு அதேதான்: 1915ல் வந்த .250-3000 சாவேஜ், 1934ல் ரெமிங்டன் நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்த .257 ராபர்ட்ஸ், பிறகு நம் .25-06. பெயரில் எந்த எண் இருந்தாலும் சன்னம் ஒரே விட்டம்தான். கடைசிப் பெயரில் உள்ள 06க்கும் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. அதன் தாய்த் தோட்டாவான .30-06ஐ அமெரிக்க ராணுவம் 1906ல் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. அந்தத் தாய்த் தோட்டாவின் கழுத்தை, அதாவது கூட்டில் சன்னம் செருகும் வாயை, ஒடுக்கிச் சிறிய சன்னத்தைச் செருகினால் மகள் தோட்டா.

இப்போது என் மனதில் கனமாகக் கிடக்கும் சொல்லுக்கு வருகிறேன்.

சன்னம் அதிகம் இறங்காமல் போகும் தன்மைக்கு ‘தட்டைப்பாதை’, ‘நேர்பாய்ச்சல்’, ‘தொய்யாத் தோட்டா’ என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. தட்டை பரப்பைச் சொல்லும் சொல், பாதைக்கு ஒட்டாது. அதைவிட்டுவிடலாம். நேர்பாய்ச்சலுக்கும் தொய்யாத் தோட்டாவுக்கும் குழுவில் நல்ல ஆதரவு. காதுக்கு இரண்டும் இனிமை. இரண்டையும் நான் எதிர்க்கிறேன், ஏனென்றால் இரண்டும் பொய் சொல்கின்றன.

எந்தச் சன்னமும் நேராகப் போவதில்லை. குழலை விட்ட கணத்திலிருந்து அது விழ ஆரம்பிக்கிறது. கையிலிருந்து நழுவிய கூழாங்கல் எப்படி விழுமோ அப்படியே விழுகிறது. வேகமான சன்னத்துக்குப் புவியீர்ப்பு சலுகை கொடுப்பதில்லை. நேரம்தான் குறைவு. .25-06 சன்னம் 300 கஜம் போக எடுத்துக்கொள்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வினாடி. அதற்குள்ளும் குழல் நோக்கிய கோட்டிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் இறங்கிவிடுகிறது. அதனால் குழலை மிகச் சிறிதளவு மேல்நோக்கிச் சாய்த்தே குறிக்கண்ணாடியை (துப்பாக்கி மேல் குறி பார்க்கும் தொலைநோக்கியை) பொருத்துகிறார்கள். 200 கஜத்தில் குறியும் சன்னம் படும் இடமும் சேரும்படி வைத்தால், 100 கஜத்தில் சன்னம் குறிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே போகும். 300ல் ஆறேழு அங்குலம் கீழே போகும். அமெரிக்காவின் வயோமிங் புல்வெளியில் ப்ராங்ஹார்ன் மானைப் பார்க்கிற வேட்டைக்காரனுக்கு இது பெரிய நிம்மதி. மறைந்து நெருங்க மரம் இல்லாத இடம், தூரத்தைத் துல்லியமாக அளக்கவும் அவகாசம் இருக்காது. 300க்குள் என்றால் அதிகம் ஏற்றிப் பிடிக்காமலே நெஞ்சில் பட்டுவிடும். அவர்கள் எழுத்தில் அந்த நிம்மதிதான் வரிக்கு வரி தெரிகிறது.

ஆனால் 400 கஜத்தில் அதே சன்னம் ஒன்றரை அடி கீழே போயிருக்கும். நேர்பாய்ச்சல் என்ற சொல்லை நம்பி அங்கே நெஞ்சுக்குக் குறிவைத்தால், மானின் கால் உடையும். அது ஓடிப்போய் எங்கேயோ புதரில் கிடந்து சாகும். அனுபவசாலிகள் இதைத்தான் இளையவர்களுக்குச் சொல்கிறார்கள்: இறக்கம் குறைவுதான், இல்லாமல் இல்லை. லேசான சன்னத்தைக் காற்றும் தள்ளும், அதை மறக்காதே. இப்படி ஒரு எச்சரிக்கையைத் தமிழில் எழுதும்போது அதே வாக்கியத்தில் ‘தொய்யாத் தோட்டா’ என்று எழுத என் கை வராது.

சின்ன வயதில் உண்டிவில்லால் மாங்காய் அடித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பக்கத்துக் கிளை என்றால் காயைப் பார்த்தே அடிப்போம், தள்ளி இருந்தால் ‘ஏத்தி அடிடா’ என்று கூட இருப்பவன் கத்துவான். மெரினா மணலில் எல்லைக்கோட்டிலிருந்து பந்து எறியும் பையனைப் பாருங்கள். கை பலம் இல்லாதவன் வானத்தைப் பார்த்து எறிவான். பலம் உள்ளவன் எறிந்தால் பந்து தலை உயரத்திலேயே சீறி வரும். அதுவும் வளைவுதான், தாழ்ந்த வளைவு.

அங்கிருந்துதான் எனக்கு ‘தாழ்வளைவு’ கிடைத்தது. வளைவு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறது, தாழ்ந்திருக்கிறது என்பதையும் சொல்கிறது. ‘இந்தத் தோட்டா தாழ்வளைவில் செல்லும்’, ‘தாழ்வளைவு ரைபிள்’, ‘அதைவிட இதன் வளைவு தாழ்வு’ என்று மூன்று விதமாகவும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், எங்கும் முரண்டு பிடிக்கவில்லை. சன்னம் கீழே வரும் அளவுக்கு ‘இறக்கம்’, அதை ஈடுகட்டக் குறியை உயர்த்துவதற்கு ‘ஏற்றிப் பிடித்தல்’. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. தாழ்வளைவு என்றால் மின்கம்பியின் தொய்வு என்று யாராவது நினைப்பார்களோ என்று ஒரு தயக்கம் இருந்தது. கம்பிக்கு நாம் தொய்வு என்ற சொல்லைத்தானே புழங்குகிறோம் என்று தேற்றிக்கொண்டேன்.

பின்னுதைக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. பாடநூலில் பின்னியக்கம் என்று இருக்கிறது, இயற்பியலுக்கு அது சரி. பின்னடைவு என்றால் தேர்தல் முடிவு நினைவுக்கு வரும். கல்லூரியில் என்சிசி முகாமில் முதன்முதலாக .303 ரைபிள் சுட்டபோது, பக்கத்தில் நின்ற ஹவில்தார் தமிழில் சொன்னது ஒன்றே ஒன்று: ‘தோளோட இறுக்கிப் பிடி தம்பி, உதைக்கும்.’ நான் இறுக்கவில்லை, நாலு நாள் தோள் கன்றிக் கிடந்தது. அடுத்த முறை விசையை இழுப்பதற்கு முன்பே கண் மூடிக்கொண்டது, அடி எங்கோ போனது. துப்பாக்கி உதைக்கிறது என்பதுதான் அதைப் பிடித்தவர்கள் வாயில் வரும் சொல். ஆகவே பின்னுதை. குறைவாக இருந்தால் ‘மென்னுதை’. எட்டு பவுண்டு ரைபிளில் .30-06 தரும் உதை, அடி-பவுண்டு என்ற ஆற்றல் அளவில், சுமார் 20 என்றால், .25-06 தருவது சுமார் 12. அதனால்தான் பிள்ளைகளுக்கு முதல் மான் ரைபிளாக இதைக் கொடுத்ததாகப் பலர் எழுதுகிறார்கள். உதை மெல்லியது என்பதால் குறிக்கண்ணாடி துள்ளுவதில்லை, அடி விழுந்த இடத்தைச் சுட்டவரே கண்ணாடி வழியாகப் பார்த்துவிடலாம் என்கிறார்கள். பயந்து கண் மூடிய எனக்கு அந்த வரியின் மதிப்பு தெரியும்.

கடைசியாக ஒரு கேள்வி, இதற்கு என்னிடம் விடை அரைகுறையாகத்தான் இருக்கிறது. ரெமிங்டன் 1969ல் .25-06ஐத் தன் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், 1920 வாக்கிலிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அது தனியார் பட்டறைகளில்தான் உயிரோடு இருந்தது. ஏ. ஓ. நீட்னர் என்ற துப்பாக்கி வினைஞர் செய்தது அது. கடையில் தோட்டா கிடைக்காது. வேண்டியவர்கள் .30-06 கூடுகளை வாங்கி, கழுத்தை ஒடுக்கி, மருந்து அளந்து போட்டு, தாங்களே செய்துகொண்டார்கள். அப்படிப்பட்ட தோட்டாவுக்கு அங்கே காட்டுப்பூனைப் பெயர். அதை அப்படியே பெயர்த்தால் தமிழ் வாசகருக்கு ஒன்றும் புரியாது. ‘பட்டறைத் தோட்டா’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்பத்தூர் லேத் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் வாசனை சொல்லிலேயே வரும். ஆனால் பட்டறை என்றதும் நம் ஊர்க் காவல் நிலையச் செய்திகளில் வரும் கள்ளத் துப்பாக்கியும் கூடவே நினைவுக்கு வருகிறது. அந்தக் கறை படாமல் அதே பொருளைத் தரும் சொல் யாரிடமாவது இருக்கிறதா? இரண்டாம் அத்தியாயம் முழுக்க அந்த ஐம்பது ஆண்டுகளின் கதை. திங்கட்கிழமை அதைத் தொடங்க வேண்டும்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து