புதுப்பிப்பு: 0 வர வேண்டிய இடத்தில் 1 வந்த சிக்கல்
தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லில் (SQL), வாடிக்கையாளர் அட்டவணையோடு ஆர்டர் அட்டவணையை லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN) மூலம் இணைத்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எத்தனை ஆர்டர்கள் உள்ளன என்று எண்ணும்போது, ஓர் ஆர்டர்கூட இல்லாதவருக்கும் 1 என்றே விடை வருவதாக முன்பு கேட்டிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது. பொருந்தும் ஆர்டர் இல்லாதவரையும் விட்டுவிடாமல், ஆர்டர் பக்கத்து நெடுவரிசைகள் அனைத்திலும் ‘நல்’ (NULL, அதாவது மதிப்பு இல்லை என்னும் குறி) இட்டு, ஒரு வரிசையாகத் தருவதுதான் லெஃப்ட் ஜாயினின் இயல்பு. நான் எண்ணிக்கை தரும் ‘கவுண்ட்’டுக்குள் (COUNT) நட்சத்திரக் குறியைக் கொடுத்திருந்ததால், அந்த வெற்று வரிசையும் ஒன்றாக எண்ணப்பட்டது. அதற்குப் பதிலாக ஆர்டர் எண் நெடுவரிசையைக் கொடுத்ததும் சரியாக 0 வந்தது. நெடுவரிசையின் பெயரைக் கொடுத்தால் ‘நல்’ மதிப்புகள் எண்ணப்படுவதில்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தது அடுத்த கட்டம்தான். 2024-ஆம் ஆண்டு ஆர்டர்கள் மட்டும் போதும் என்று தேதி நிபந்தனையை, இணைத்தபின் வரிசைகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) பகுதியில் எழுதியவுடன், 0 வர வேண்டியவர்கள் அனைவரும் பட்டியலிலிருந்தே மறைந்துபோனார்கள். ‘நல்’லை எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும் விடை உண்மை ஆகாது என்பதால், வரிசைகளை வாடிக்கையாளர்வாரியாகத் தொகுக்கும் ‘குரூப் பை’ (GROUP BY) வேலையைத் தொடங்கும் முன்பே அவ்வரிசைகள் கழிக்கப்பட்டுவிடுகின்றன. நிபந்தனையை, எந்த வரிசைகள் இணைய வேண்டும் என்று சொல்லும் ஜாயினின் ‘ஆன்’ (ON) பகுதிக்கு நகர்த்தினேன்; எல்லோரும் திரும்பி வந்தனர்.

பொருள்களின் அட்டவணையையும் இணைத்தால், மூன்று பொருள்கள் கொண்ட ஓர் ஆர்டர் மூன்றாக எண்ணப்படும் என்பதால், அந்த வினவலில் மட்டும், ஒரே ஆர்டர் எண்ணை ஒருமுறை மட்டும் எண்ணச் சொல்லும் ‘டிஸ்டிங்ட்’ (DISTINCT) சேர்த்திருக்கிறேன்.