போத்தல் கொண்டு போனால் குற்றம், பிளெக்ஸ் கட்டினால் பெருமையா?

இணுவில் அம்மா:
யாழ்ப்பாணம் இணுவிலில் இருந்து எழுதுகிறேன். மகள் நான்காம் தரம். போன வெள்ளி கொப்பியில் ஒரு துண்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அடுத்த தவணை முதல் பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல், சோறு சுற்றுகிற லஞ்ச் சீற் பொலித்தீன், உறை போட்ட பிஸ்கட், சிப்ஸ் எதுவும் பள்ளிக்கூட வளவுக்குள் வரக்கூடாதாம். கொண்டு வந்தால் பறிப்பார்கள். இரண்டாம் முறை பிடிபட்டால் நூறு ரூபா தண்டம்.

நல்ல விஷயம்தானே என்றார் வீட்டுக்காரர். அவர் சொல்லுவார், விடிய நாலரைக்கு எழும்புவது நான். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று எவர்சில்வர் போத்தல். கடையில் விசாரித்தேன், ஒழுகாத போத்தல் ஒன்று ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறைய இல்லை.

துண்டோடு பள்ளிக்கூட வாசலுக்குப் போனால் மதிலில் பத்தடி நீளத்துக்குப் பிளெக்ஸ் தொங்குகிறது. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள். அது என்ன, வாழையிலையில் அடித்ததா? பிள்ளையின் பையைக் கிண்டுவதால் குப்பை குறையும் என்று யாராவது உண்மையாக நம்புகிறீர்களா?

வலிகாமம் ரீச்சர்:
நான் நம்புகிறேன் அக்கா. உங்கள் பள்ளிக்கூடம் இல்லை, வேறு ஒன்றில் படிப்பிக்கிறேன், அங்கேயும் இதே துண்டு போனது. ஏன் போனது என்று சொல்கிறேன்.

கார்த்திகை மழை விட்ட கையோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்தார். பின்மதிலோரம் யோகட் கப், போத்தல் மூடி, கிழிந்த சொப்பிங் பை எல்லாம் கிடந்தன. ஒரு கப்பைத் தூக்கி வெயிலில் பிடித்துக் காட்டினார். உள்ளே குடம்பி நெளிந்தது. டெங்கு நுளம்புக்குக் குளம் வேண்டாம், ஒரு மூடித் தண்ணீர் காணும். முட்டை நுளம்பாக ஏழு, பத்து நாள் போதும். எங்கள் பக்கம் ஐப்பசியில் பிடிக்கிற மழை மார்கழி வரை நிற்கும், டெங்கு கூடுவதும் மார்கழி, தையில்தான். அந்தக் கிழமை என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். அதிபர் யாரோடும் கதைக்காமல் தடையை எழுதினார். அவசரம்தான், ஆனால் சும்மா வந்த அவசரம் இல்லை.

96 பட்ச்:
ரீச்சர், தடையால் இந்த நாட்டில் எது நின்றிருக்கிறது? 2007இல் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனைத் தடை செய்தார்கள். 2017 ஏப்ரல் 14, வருடப்பிறப்பு அன்று கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர் போனது. அந்த செப்டெம்பரில் லஞ்ச் சீற்றுக்கும் றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டிக்கும் தடை. 2021 ஆகஸ்டில் லஞ்ச் சீற்றுக்குத் திரும்பவும் தடை. ஒரே சாமானை இரண்டு தரம் தடை செய்தார்கள் என்றால் முதல் தடை என்னவாயிற்று என்று விளங்குகிறதுதானே. இன்றைக்கு மத்தியானம் சோற்றுப் பார்சல் எதில் சுற்றி வந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

பிளெக்ஸ் விஷயத்தில் மட்டும் அக்காவோடு உடன்பாடில்லை. கட்டியது பழைய மாணவர்களான எங்கள் பட்ச். கச்சான் விற்றுப் படிப்பித்த தாய் ஒருத்தி வந்து மகளின் படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனா. அதைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பனங்கூடல்:
எங்களுக்கு ஏன் இந்த வில்லங்கம்? சுற்றி நிற்பது முழுக்கப் பனை. ஓலையில் பெட்டி, கடகம், நீத்துப்பெட்டி, தட்டுவம், பனங்கட்டிக்குக் குட்டான், கூழ் குடிக்கப் பிளா. பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஓலைச் சாப்பாட்டுப் பெட்டி கொடுத்தால் விஷயம் முடிந்தது.

கன்டீன் அண்ணை:
தம்பி, ஓலைப் பெட்டிக்குள் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிப் பார்த்திருக்கிறீரா?

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கன்டீன் எடுத்து நடத்துகிறேன். ரீச்சர் சொன்ன யோகட் கப் என்னிடம் வாங்கினது மாதிரித்தான் இருக்கும், மறைக்கத் தேவையில்லை. ஒரு பகிடி சொல்கிறேன். 2023 ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்து பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ, கரண்டி, முள்ளுக்கரண்டி, கோப்பை, இடியப்பத் தட்டு எல்லாவற்றுக்கும் தடை. யோகட் கரண்டிக்கும் தடை. ஆனால் யோகட் கப்புக்கு விலக்கு! பிள்ளை இப்போது மரக்கரண்டியால் தின்றுவிட்டுக் கப்பை மதிலுக்கு மேலால் எறிகிறது.

வடையைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். அச்சு மை என்று பேச்சு. பழைய பரீட்சைத் தாளில் சுற்றினேன். ஒரு பெடியன் தன்னுடைய கணக்குத் தாளையே வடையோடு வாங்கிப் போனான், பதினெட்டுப் புள்ளி. அதற்கும் பேச்சு. பீங்கானில் கொடுக்கலாம், கண்ணாடிக் கிளாசில் பிளேன்ரீ கொடுக்கலாம், எனக்கு மறுப்பில்லை. இடைவேளை இருபது நிமிடம், இருநூறு பிள்ளைகள், குழாய் ஒன்று. கழுவுகிறது யார்?

ரொறன்ரோ மைந்தன்:
வணக்கம் உறவுகளே. இங்கே வீட்டுக்கு வீடு நீலத் தொட்டி, பச்சைத் தொட்டி. சின்னப் பிள்ளைக்கே எது எதற்குள் போட வேண்டும் என்று தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு மூன்று நிறத் தொட்டி வாங்கித் தர எங்கள் பழைய மாணவர் கிளை தயார். மனம் இருந்தால் செய்யலாம், அங்கே மனம்தான் இல்லை.

உழவு இயந்திரம்:
மனம் இருக்கிறது அண்ணை, பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. நான் பிரதேச சபைக் குப்பை ஏற்றுகிற ஆள். போன வருடமும் ஒருவர் வெளிநாட்டிலிருந்து மூன்று நிறத் தொட்டி அனுப்பினார். பிள்ளைகள் வடிவாகப் பிரித்துத்தான் போட்டார்கள். நாங்கள் போய் மூன்றையும் ஒரே உழவு இயந்திரப் பெட்டிக்குள் கவிழ்த்தோம். அதைப் பார்த்து நின்ற ஒரு சின்னப் பெட்டை, "மாமா, அப்ப நாங்கள் ஏன் பிரிச்சனாங்கள்?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க எனக்கு மனம் சரியில்லை.

எது விலை போகும் என்று சொல்கிறேன், இதைத் தெரியாமல் எல்லோரும் கதைக்கிறீர்கள். தண்ணீர், சோடாப் போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். அதைக் கழுவி, நசித்துச் சேர்த்தால் எடுக்க ஆள் வரும். 2 போட்ட கெட்டிப் போத்தலும் போகும். பிஸ்கட் உறையை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அது பிளாஸ்ரிக்கும் அலுமினியமும் தட்டுத் தட்டாக ஒட்டினது, பிரிக்க ஏலாது. குழம்பு பட்ட லஞ்ச் சீற்றை எடுக்க ஆளில்லை. இப்படி மிஞ்சினதுகள் மாநகரப் பக்கம் என்றால் கல்லுண்டாய்க் குப்பைமேட்டுக்குப் போகும். அந்த வழியால் போனவர்களுக்கு மணமும் தெரியும், தீப்பிடித்தால் புகையும் தெரியும்.

அதைவிட மோசம், அள்ள முதலே பள்ளிக்கூடத்துக்குள் கிடங்கு வெட்டிக் கொளுத்துவது. அக்கா சொன்ன பிளெக்ஸ் பி.வி.சி. பூச்சுப் பூசினது. அதைக் கொளுத்தினால் டயொக்சின் என்ற நச்சு வரும். தாய் தொட்டுப் பார்த்தது சரி, 96 பட்ச், மூன்று மாதம் கழித்து அந்தப் பிளெக்ஸ் எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியுமா?

96 பட்ச்:
தெரியாது. உண்மையாகவே தெரியாது. நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.

வலிகாமம் ரீச்சர்:
உழவு இயந்திரம் சொன்னதை வைத்துப் பார்த்தாலும் தடைதான் சரியாகப் படுகிறது. விலை போகாத உறை உள்ளே வராவிட்டால் கொளுத்தவும் தேவையில்லை. பிள்ளைக்குப் பழகுவதும் இந்த வயதில்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்றாடல் முன்னோடிப் படையணி இருக்கிறது. பதக்கத்துக்காக மரம் நட்டுப் படம் எடுப்பதோடு நிற்காமல், இந்த வருடம் ஒரு கிழமைக் குப்பையைப் பாயில் கொட்டிப் பிள்ளைகளே பிரித்தார்கள். போத்தல்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்தேன். போத்தல் கொஞ்சம். உறையும் யோகட் கப்பும் எழுதி முடிந்த பேனாவும் மலையாகக் குவிந்தன.

இணுவில் அம்மா:
அப்போ போத்தலை ஏன் முதலாவதாகப் பறிக்கிறீர்கள்? உங்கள் பாயே என் பக்கம் பேசுகிறது!

பேனா என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கொப்பி உறை. பிறவுண் தாள் போட்டு அதற்கு மேல் கண்ணாடிப் பொலித்தீன் போடாவிட்டால் கொப்பி திருப்பி வீட்டுக்கு வரும். ஒரு பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு கொப்பி, எனக்கு மூன்று பிள்ளைகள். இந்தப் பொலித்தீனைக் கேட்பது நாங்களா, ரீச்சர்மாரா?

வலிகாமம் ரீச்சர்:
அது நாங்கள்தான். மறுக்க மாட்டேன். மழைக்குள் நனையும் என்று தொடங்கினது, பிறகு வடிவுக்கு என்று ஆகிவிட்டது. நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் போத்தல் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடையில் வாங்கின தண்ணீர்ப் போத்தல் ஒருநாள் வரும், பின்னேரம் மதிலோரம் கிடக்கும்.

இணுவில் அம்மா:
ஏன் கடைத் தண்ணீர் வாங்குகிறோம் என்று கேளுங்கள். எங்கள் ஊர் செம்மண், தோட்டம். கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போடுகிற பசளை மழையோடு இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி நிற்கிறது. சுன்னாகத்துப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் என்று கதை வந்த நாளிலிருந்து என் மாமியே கிணற்றுத் தண்ணீரை மணந்து பார்த்துத்தான் குடிப்பா. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. பள்ளிக்கூடத்தில் தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. வடிகட்டி இருக்கிறது, இருபது பேரின் பெயர் பொறித்த கல்லோடு. அது பூட்டிக் கிடக்கிறது.

கன்டீன் அண்ணை:
எங்கள் பள்ளிக்கூடத்திலும் அதே கதை. வடிகட்டிக்குள் இருக்கிற சவ்வு, மெம்பிரேன், மாற்ற வேண்டும். மாற்றுகிற செலவுக்குத் திறப்பு விழா இல்லை, அதனால் காசும் இல்லை.

ரொறன்ரோ மைந்தன்:
நான் மேலே எழுதினது உங்களைக் குறை சொல்ல இல்லை. தொட்டியை விடுகிறேன். மெம்பிரேன் என்ன விலை வரும்?

உழவு இயந்திரம்:
இதுதான் கதை. படம் எடுக்க ஏலாத சாமானுக்குக் காசு கேட்கிறோம், யோசித்துச் சொல்லுங்கள்.

பனங்கூடல்:
கத்தரிக்காய்க் குழம்புக்கு நான் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். மழைக்குள் ஓலை பூசணம் பிடிக்கும், கழுவிக் கழுவிப் பாவிக்கவும் ஏலாது. ஆனால் ஒன்று விடமாட்டேன். தை, மாசியில் பள்ளிக்கூட இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டி வரும். ஒவ்வொரு இல்லமும் றெஜிபோமில் கோபுரம், பொலித்தீனில் தோரணம் என்று போட்டி போடும். ஒரு பின்னேரத்துக்கு! அதை ஓலையில் செய்ய ஏலாது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கலியாணப் பந்தலுக்கும் செத்த வீட்டுக்கும் தோரணம் கட்டினவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓலைக்குக் கூடப் புள்ளி என்று மத்தியஸ்தர்மார் ஒரு வரி போட்டால், பிள்ளைகள் தாங்களே பின்னப் பழகுவார்கள்.

96 பட்ச்:
கேட்டேன். போன வருடத்துப் பிளெக்ஸ் சைக்கிள் கொட்டில் கூரையில் கிடக்கிறது, ஓட்டை அடைக்க. அதற்கு முந்தினது எங்கே என்று காவலாளிக்கும் தெரியவில்லை. பின்னால் இருக்கிற கிடங்கைக் காட்டினார்.

சரி. இந்த வருடம் வெள்ளைச் சீலையில் தீந்தையால் எழுதலாம் என்று பட்ச் குழுவில் போட்டேன். பாதிப்பேர் சம்மதம், மற்றப் பாதி படம் இல்லாமல் என்ன மரியாதை என்கிறார்கள். படத்தைக் கடதாசியில் எடுத்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அதிபர் கந்தோர் வாசலில் மாட்டலாம், வருடா வருடம் படத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றேன். இரவு முழுக்கச் சண்டை.

இணுவில் அம்மா:
நேற்றுப் பெற்றோர் கூட்டம். எழும்பிக் கேட்டேன், கை நடுங்கியது. அதிபர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு இறங்கி வந்தார். நூறு ரூபா தண்டம் இல்லை. கொப்பிக்குப் பொலித்தீன் உறை அடுத்த வருடம் தொடங்கி இல்லை. வீட்டில் கிடக்கிற கெட்டிப் போத்தலை உடையும் மட்டும் கொண்டு வரலாம், ஒருநாள் போத்தலுக்கு மட்டும் தடை. லஞ்ச் சீற் தடை நிற்கும், அதில் அவர் மசியவில்லை. சரி, வாட்டின வாழையிலை வளவில் இருக்கிறது, நாலரை நாலேகாலாகும், அவ்வளவுதான். இந்தத் தடவை இலை வெட்டி வாட்டுவது வீட்டுக்காரர் என்று கூட்டத்தில் வைத்தே சொல்லிவிட்டேன்.

பிளெக்ஸைப் பற்றிக் கேட்டேன். அது பழைய மாணவர்களின் விஷயம் என்றார்.

வலிகாமம் ரீச்சர்:
தண்டத்தை எடுத்தது பிழை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். இரண்டு மாதத்தில் பார்ப்போம், மதிலோரம் போய்ப் படம் எடுத்துப் போடுகிறேன்.

கன்டீன் அண்ணை:
எங்கள் அதிபரும் சம்மதித்துவிட்டார், யோகட் நிற்பாட்டி மோர் விற்கலாம், எவர்சில்வர் ரம்ளரில். ஐம்பது ரம்ளர் வாங்கியாயிற்று. இரண்டு குழாய் கூடப் போட்டுத் தருகிறார்களாம். இனிக் கழுவ ஆள் வேண்டும். காலை எட்டு மணி முதல் பதினொன்றரை வரை, சம்பளமும் காலைச் சாப்பாடும் உண்டு. மானிப்பாய், சண்டிலிப்பாய்ப் பக்கம் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.