பொட்டிக்: கைக்கடிகார நிறுவனம் தானே திறக்கும் கடைக்குத் தமிழில் என்ன?

கூடல்மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு வார இதழின் இணைப்புக்காகச் சுவிஸ் கைக்கடிகாரத் தொழில் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். பெரும்பகுதி ஓடமார் பிகே என்ற நிறுவனத்தைப் பற்றியது. 1875இல் ஜூ பள்ளத்தாக்கில் லெ பிராசூ என்ற சிற்றூரில் தொடங்கியது, இன்றும் நிறுவியவர்களின் குடும்பங்கள் வசம்தான் இருக்கிறது. பல நிறுவனங்களின் கடிகாரங்களையும் சேர்த்து விற்கும் கடைகளுக்குச் சரக்குக் கொடுப்பதைப் படிப்படியாக விட்டுவிட்டு, தன் பெயரிலேயே பொட்டிக் திறந்து விற்கிறது. இந்தப் பொட்டிக்குக்கு என்ன போடலாம்? அப்படியே எழுதி அனுப்பினேன். 'ரவிக்கை தைக்கிற இடமா?' என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு பலகை தொங்குகிறது. 'சொகுசு விற்பனையகம்' என்று மாற்றினேன், எனக்கே வாயில் வரவில்லை.

தென்காசியான் எழுதியது:

அம்மா, அந்தச் சொல்லை ஏன் விரட்டுகிறீர்கள்? அது நம் வீட்டுப் பிள்ளை. பெட்டி என்பதைப் பேச்சில் பொட்டி என்கிறோம். பெட்டிக்கடை பொட்டிக்கடை ஆகிறது. போர்ச்சுகீசியர் கடற்கரையில் இறங்கியபோது முதலில் பார்த்திருக்கக் கூடியது எது? பொட்டிக்கடை. 'இது என்ன?' என்று கேட்டிருப்பான், 'பொட்டிக்...' என்பதுவரை காதில் விழுந்திருக்கும், மிச்சத்தைக் கப்பலேறும் அவசரத்தில் விட்டிருப்பான். லிஸ்பன் போய் அங்கிருந்து பாரிஸ் போய்ப் பவுடர் பூசிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. மண்வெட்டி, மண்பானை என்று தோண்டிக்கொண்டே போனால் இன்னும் கிடைக்கும். விரிவாக நாளை எழுதுகிறேன்.

யாழ் வாசி எழுதியது:

தென்காசி ஐயா மன்னிக்க வேண்டும், நாளைக்கு எழுத வேண்டாம். இந்தச் சொல்லின் பாதை நன்றாகத் தெரிந்த பாதை. கிரேக்கத்தில் அப்போதேக்கே என்றால் பண்டகசாலை. அது லத்தீனுக்குப் போய், புரோவான்சு மொழி வழியாகப் பிரெஞ்சுக்கு வந்தது. ஸ்பானியத்தின் போதெகாவும் அதே வேர்தான். போர்ச்சுகீசியர் இங்கிருந்து எடுத்துப் போகவில்லை, அவர்கள்தான் இங்கே கொண்டுவந்தார்கள். அலமாரியும் சாவியும் வந்த அதே கப்பல்.

ஆனால் உங்கள் பொட்டிக்கடையில் ஒரு உண்மை தற்செயலாக மாட்டியிருக்கிறது. இலங்கை ஆங்கிலத்தில் பொட்டிக் என்றால் தெருவோரச் சின்னக் கடை. வாழைக்குலை தொங்கும், தேத்தண்ணி கிடைக்கும். பழைய சென்னை மாகாண ஆங்கிலத்திலும் அப்படித்தான். சிங்களவர் அதே கடையைக் கடே என்பார்கள், அது எங்கள் கடைதான். ஆக, பீடிக்கட்டு விற்கும் இடத்துக்கும் பல லட்சம் ரூபாய் மணிக்கூடு விற்கும் இடத்துக்கும் ஒரே பெயர் இருந்திருக்கிறது. கூச்சப்படாமல் கடை என்றே எழுதுங்கள்.

செந்தமிழ்க் கிழார் எழுதியது:

கடை என்று முடித்துக்கொள்வதற்கு இந்தக் குழு எதற்கு? வேர்ச்சொல்லுக்கு இத்தனை பேர் இருந்தும் ஆக்கச்சொல்லுக்கு ஆளில்லை. முல்லைப்பாட்டில் நீரால் பொழுதளக்கும் கருவிக்குக் கன்னல் என்று பெயர். உற்பத்தி செய்கிறவரே விற்கும் இடத்துக்கு ஆவின் பாலகம் என்ற அழகான முன்மாதிரி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கன்னலகம் என்போம். கடிகாரம் என்ற சொல்லையே நான் ஏற்பதில்லை என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். ஏற்பவர்கள் கடிகையகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

கிழார் ஐயா, கன்னலுக்குக் கரும்பு என்றும் பொருள் உண்டு. கன்னலகம் என்று பலகை வைத்தால் கரும்பு லாரி வந்து நிற்கும். கடிகை என்பது பல்லவர் காலத்தில் காஞ்சியில் இருந்த கல்விச்சாலை. அங்கே கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் படிக்கப் போனதைத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. கடிகையகத்தில் போய் ஓடமார் பிகேயின் ராயல் ஓக் கடிகாரம் கேட்டால் வேதம் ஓதச் சொல்வார்கள்.

பாலகம் நல்ல சொல்தான், ஆனால் அகம் என்பதில் 'தானே செய்து தானே விற்பது' என்ற பொருள் எங்கே இருக்கிறது? உணவகம், மருந்தகம், நூலகம் எல்லாம் அகம்தான். ஆவினின் பாலகத்தை ஆவினுடையது என்று நமக்குத் தெரிவிப்பது ஆவின் என்ற சொல், அகம் இல்லை.

தென்காசியான் எழுதியது:

சரி, போர்ச்சுகீசியனை விடுகிறேன், தற்காலிகமாக. சிலம்பில் பீடிகைத் தெரு வருகிறதே, கடைத்தெருதான் அது. தனிப்பீடிகை எப்படி? மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் அல்லங்காடியும் இருக்கின்றன. அந்த வரிசையில் தன்னங்காடி என்றும் சொல்லலாம்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

பீடிகை போடாமல் விஷயத்துக்கு வாருங்கள் ஐயா.

கிழார் எழுதியது:

பீடிகை வடசொல். பீடிகா. சொல்லிவிட்டேன்.

வாட்ச் கடைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பெரும்பாலும் படிக்க மட்டும் செய்கிறவன். கோவையில் அப்பா காலத்திலிருந்து வாட்ச் வியாபாரம். எச்எம்டி விற்றோம், டைட்டன் விற்றோம். சொல்லைப் பற்றி எனக்குத் தெரியாது, கடையைப் பற்றிச் சொல்கிறேன்.

இதில் நீங்கள் மூன்று விஷயத்தை ஒரே பொட்டிக்குள் போடுகிறீர்கள். முதலாவது, பல கம்பெனி வாட்ச் விற்கும் எங்களைப் போன்ற கடை. இரண்டாவது, வாசலில் ஒரே கம்பெனிப் பெயர் இருக்கும், உள்ளே முதலாளி வேறு ஆள். ஓசூரில் தொழிற்சாலை வைத்த டைட்டன் தன் பெயரில் ஷோரூம்கள் திறந்தபோது பலவற்றை நடத்தியது உள்ளூர் வியாபாரிகள்தான். ரோலெக்ஸ் பெயர் மட்டும் போட்ட கடைகளிலும் பெரும்பாலானவை டீலர் நடத்துபவை. மூன்றாவதுதான் அம்மா கேட்கும் கடை: வாடகை, ஆள் சம்பளம், சரக்கு எல்லாம் கம்பெனியே.

மூன்றாவதுக்கு ஏன் போனார்கள் என்றால், டீலருக்குப் போகும் கமிஷன் கம்பெனிக்கு மிஞ்சுகிறது, அது ஒன்று. அதைவிடப் பெரியது, வாங்குகிறவர் யார் என்று தெரிந்துகொள்வது. டீலர் வழியாக விற்றால் வாடிக்கையாளரின் பெயர் டீலர் நோட்டில்தான் இருக்கும். தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிட்டால் பெயர் கெடுகிறது. தட்டுப்பாடு இருந்தால் வேறு சிக்கல்: வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்து 1972இல் வெளிவந்த அந்த எண்கோண ராயல் ஓக்கை ஒருவர் பட்டியல் விலைக்கு வாங்கி, வெளியே போய்க் கூடுதல் விலைக்கு விற்றுவிடுவார். 2021, 2022இல் இது உச்சத்தில் இருந்தது. சொந்தக் கடை என்றால் யாருக்குக் கொடுப்பது என்பதைக் கம்பெனியே முடிவு செய்யும். லண்டன், ஹாங்காங் மாதிரி ஊர்களில் 'ஏபி ஹவுஸ்' (ஏபி என்றால் ஓடமார் பிகே) என்று வீடு போலவே வைத்திருக்கிறார்கள். சோபாவில் உட்கார வைத்துக் குடிக்கக் கொடுத்துப் பேசுகிறார்கள்.

ரோலெக்ஸ் வேறு வழியில் போனது. ஊர் ஊராகக் கடை திறக்காமல், 2023இல் புக்கரர் என்ற வியாபார நிறுவனத்தையே வாங்கிவிட்டது. புக்கரர் 1888இல் சுவிட்சர்லாந்தின் லூசர்னில் ஆரம்பித்தது, 1924 முதல் ரோலெக்ஸ் விற்றது. வாங்கும்போது 100க்கு மேற்பட்ட கடைகள், அதில் 53இல் ரோலெக்ஸ். பலகையில் புக்கரர் என்றே இருக்கிறது, முதலாளி ரோலெக்ஸ். இதற்கு உங்கள் சொல் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடல்மகள் எழுதியது:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி அண்ணா. கட்டுரையில் படேக் பிலிப் என்ற இன்னொரு சுவிஸ் நிறுவனமும் வருகிறது. ஜெனீவா, பாரிஸ், லண்டன் மூன்று ஊரில் இருக்கும் தங்கள் சொந்தக் கடைகளை அவர்கள் பொட்டிக் என்றுகூடச் சொல்வதில்லை, சலோன் என்கிறார்கள்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

அதை அப்படியே தமிழில் எழுதிவிடாதீர்கள். ஜெனீவாவின் ரோன் தெருவில் 'படேக் பிலிப் சலூன்' என்றால் முடிவெட்டக் கிளம்பிவிடுவார்கள்.

யாழ் வாசி எழுதியது:

கடைக்கார அண்ணன் சொன்னதை வைத்து: ஒரே நிறுவனப் பொருளை மட்டும் விற்பது தனிக்கடை. நிறுவனமே நடத்துவது நேரடிக் கடை. இரண்டும் வேறு. ஓடமார் பிகே திறப்பது பெரும்பாலும் இரண்டுமாக இருக்கும், டீலர் நடத்தும் ரோலெக்ஸ் பொட்டிக் தனிக்கடை மட்டும், இன்றைய புக்கரரில் ரோலெக்ஸ் விற்கும் கிளை நேரடிக் கடை, ஆனால் தனிக்கடை இல்லை. இரண்டு பொருளையும் அடக்கி ஒரே ஒரு சொல் செய்தால் மூன்றில் இரண்டுக்குப் பொய்யாகிவிடும்.

செந்தமிழ்க் கிழார் எழுதியது:

புக்கரர் கணக்கு சரி. ஆனால் கடை என்ற சொல்லில் மதிப்பு ஏது? கடைநிலை, கடைமகன், கடைசி. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துக் கைக்கடிகாரம் வாங்குகிறவனைக் கடைக்குப் போனான் என்பதா?

கணக்கு வாத்தியார் எழுதியது:

தியாகராய நகரில் கோடிக்கணக்கில் தங்கம் விற்பது நகைக்கடையில்தான். யாரும் பொன்னகம் என்று சொல்லக் கேட்டதில்லை. அப்புறம், கடை என்பதற்குக் கடைசி மட்டுமா பொருள்? நெடுங்கடை என்றால் பெருவாயில், புலவர்கள் பரிசிலுக்கு நின்ற இடம். ஏபி ஹவுஸில் முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் ஒருவகையில் நெடுங்கடை நிற்கிறவர்கள்தானே.

தென்காசியான் எழுதியது:

வாயிலுக்கு முன்னால் சரக்கு பரப்பியதால் கடை வந்ததா, கடைதல் என்ற வினையிலிருந்தா? கடைந்து எடுத்த வெண்ணெயை ஆய்ச்சியர் முதலில் விற்றிருப்பார்கள். ஆக ஆவின் பாலகமே...

கூடல்மகள் எழுதியது:

ஐயா, மணி நான்கு. கட்டுரையை அனுப்பிவிட்டேன். முதல் பத்தியில் 'தானே நடத்தும் கடை' என்று விளக்கமாக ஒருமுறை, அதற்குப் பிறகு நேரடிக் கடை. டீலர் நடத்துவதற்குத் தனிக்கடை. தலைப்பில் மட்டும் ஆசிரியர் ஷோரூம் போடுவார் போலிருக்கிறது. இங்கே ஐந்து பேர் நேரடிக் கடைக்குச் சரி சொல்லியிருக்கிறீர்கள், இருவர் தனியஞ்சலில் 'எதையாவது போட்டு முடியுங்கள்' என்றார்கள்.

செந்தமிழ்க் கிழார் எழுதியது:

நான் அந்த ஐந்தில் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நேரடி என்பதைப் பேருந்து நிலையத்திலேயே பாழாக்கிவிட்டார்கள். என் சொற்றொகுதியில் கன்னலகம்தான் இருக்கும்.