க்ளீவ்: பிளப்பதா, பற்றுவதா?

கேள்வி
பழைய ஆங்கில நூல்களில் ‘க்ளீவ்’ (cleave) என்ற வினை ஓரிடத்தில் பிளப்பதையும் வேறோரிடத்தில் ஒட்டிக்கொள்வதையும் குறிக்கிறது. மொழிபெயர்க்கும்போது எதை வைத்து முடிவு செய்வது? இறந்தகால வடிவங்களும் க்ளேவ், க்ளோவ், க்ளெஃப்ட், க்ளீவ்ட் என்று பலவாக இருக்கின்றனவே?

பதில் 1
பிறப்பில் இவை இரண்டு தனி வினைகள். பழைய ஆங்கிலத்தில் பிளப்பது ‘க்ளேயோவன்’, ஒட்டுவது ‘க்ளிவியன்’. ஒலி மாறி மாறிப் பின்னாளில் ஒரே உருவாகிவிட்டன. ஒட்டுவதைச் சொல்லும் ஜெர்மன் வினை ‘க்ளேபன்’ இரண்டாவதன் உறவு.

வினைக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். ‘டு’ (to), ‘அன்டு’ (unto) வந்தால் பற்றுதல். செயப்படுபொருள் நேராக வந்தால் பிளத்தல். ‘த்ரூ’ வந்தாலும் பிளத்தல்தான். கப்பல் அலையைக் கிழித்துக்கொண்டு போவது அப்படி.

பதில் 2
மேலே சொன்னது சரி. இறந்தகால வடிவத்தை மட்டும் நம்பினால் பழைய நூல்களில் தடுக்கி விழ நேரும். 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 22:3இல் ஆபிரகாம் விறகு பிளக்கிறார். ரூத் 1:14இல் ரூத் மாமியாரை விட்டுப் பிரிய மறுக்கிறாள். இரண்டு இடத்திலும் ‘க்ளேவ்’ என்றே இருக்கிறது! ரூத்தின் வசனத்தில் நிற்கும் ‘அன்டு’தான் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது.

தமிழ் வேதாகமம் இதை அழகாகக் கையாள்கிறது. விறகுக்குப் ‘பிளந்து’, ரூத்துக்கு ‘பற்றிக்கொண்டாள்’, ஆதியாகமம் 2:24இல் கணவன் மனைவிக்கு ‘இசைந்திருப்பான்’, சங்கீதம் 137:6இல் நாவுக்கு ‘ஒட்டிக்கொள்வதாக’. ஒட்டுவது நாவா, மனமா, உறவா என்று பார்த்து வினையைத் தேர்ந்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ‘ஒட்டு’ என்று போட்டிருந்தால் ரூத்தின் பிடிவாதமான அன்பு காணாமல் போயிருக்கும்.

பதில் 3
இன்றைய வழக்கு: பற்றும் பொருளுக்கு ‘க்ளீவ்ட்’ மட்டுமே. பிளக்கும் பொருளுக்கு க்ளோவ், க்ளெஃப்ட், க்ளீவ்ட் மூன்றும் செல்லும். உயிர்வேதியியலில் நொதி புரதத்தை வெட்டும்போது ‘க்ளீவ்ட்’ என்றே எழுதுவார்கள். பெயரடைகள் உறைந்துவிட்டவை: குளம்புக்கு ‘க்ளோவன்’, மோவாய்க்கும் அண்ணத்துக்கும் ‘க்ளெஃப்ட்’. மாற்றிப் போட்டால் பிழை.

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் தாய் கெர்ட்ரூட் தன் நெஞ்சை மகன் இரண்டாக்கிவிட்டதாகச் சொல்வதும் ‘க்ளெஃப்ட்’தான். அங்கே ‘உடைத்தாய்’ போதாது, ‘பிளந்தாய்’ வேண்டும். கண்ணாடி உடைந்தால் சில்லுகள். க்ளீவ் ஒரே வீச்சில் நெடுகப் பிளப்பது.

கேட்டவர்
‘அசண்டர்’ (asunder) சேர்ந்து வந்தால்?

பதில் 1
பிளத்தல்தான். ‘இரு கூறாக’ என்று சேர்த்துக்கொள்ளலாம். ‘டுகெதர்’ வந்தால் ஒன்றோடொன்று ஒட்டியிருத்தல்.