ஓநாய்க்கு வாய் நாறினால் கதை பிழையா?

மூன்றாம்மாடி அப்பா (வெள்ளவத்தை):

மகள் தரம் இரண்டில் படிக்கிறாள். போன வெள்ளிக்கிழமை பாடசாலையில் கதை சொல்லும் போட்டி. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைச் சொன்னாள். இரவில் படுக்கும்போது நான் அவளுக்குச் சொல்லும் வடிவம் அது. சிறுமி வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறித் தெகிவளையில் இருக்கும் அம்மம்மாவுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுபோகிறாள். மிருகக்காட்சிச்சாலையிலிருந்து தப்பிவந்த ஓநாய் அதே பஸ்ஸில் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. பிறகு கட்டில், போர்வை, வழக்கமான கேள்விகள். காது ஏன் பெரிது, கண் ஏன் பெரிது. பல்லுக்கு வந்ததும் சிறுமி மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். "பல் பெரிதாக இருப்பது இருக்கட்டும், அம்மம்மா. கடைசியாக எப்போது பல் துலக்கினீர்கள்?" ஓநாய்க்கு வெட்கம் வந்துவிடுகிறது. வாயைத் திறக்க முடியவில்லை. வாயைத் திறக்காமல் எப்படி விழுங்குவது? அலுமாரிக்குள் ஒளிந்திருந்த அம்மம்மா சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்.

வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்ததாம். நடுவர் தாளில் எழுதியது: "குரல் நன்று. கதையின் முடிவு பிழை." பத்துக்கு நான்கு. மகள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, "அப்பா, நீங்கள் எனக்குக் கதையைப் பிழையாகவா சொல்லித் தந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

பாடசாலையின் பெயர் வேண்டாம், நடுவரைத் திட்டவும் வேண்டாம். ஒரு கதைக்குச் சரியான முடிவு என்று ஒன்று உண்டா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை டீச்சர்:

தம்பி, முப்பது வருடம் கற்பித்துவிட்டு ஓய்வில் இருப்பவள் நான். நடுவர் கதிரையில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். நான்கு புள்ளி கஞ்சத்தனம்தான். ஆனாலும் அந்த நடுவரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

இப்போதெல்லாம் போட்டிக்கு வரும் ஓநாய் மரக்கறி சாப்பிடுகிறது. அரக்கன் அம்மாவைத் தேடி அழுகிறான். இளவரசி இளவரசனைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள். சபை சிரிக்கிறது. கதை முடிந்ததும் பிள்ளையை அருகில் அழைத்து, "பழைய கதை எப்படி?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறது. பாட்டி வடை சுட்ட கதையில் காகம் வடையைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு பாடுவதாக மாற்றிச் சொல்கிறார்களே, அதற்கு நாம் ஏன் சிரிக்கிறோம்? முதல் காகம் வாயைத் திறந்து ஏமாந்தது நமக்குத் தெரியும். அது தெரியாத பிள்ளைக்கு இது வடை தின்னும் காகம், அவ்வளவுதான். காலிமுகத்திடலில் இறால் வடைக்காரரைச் சுற்றி அப்படி நூறு காகம் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஓநாய் சிறுமியை விழுங்கும் இடத்தில் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த இடத்தில் போய்ப் பகிடி விட்டால், பயந்துவிட்டு அதிலிருந்து வெளியே வரும் பழக்கம் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

பழைய புத்தகப் பித்தன் (மருதானை):

டீச்சர், எது பழைய கதை? 1697இல் பாரிஸில் சார்ள்ஸ் பெரோ அச்சிட்ட கதையில் ஓநாய் சிறுமியை விழுங்குகிறது. அத்துடன் முற்றும். வேட்டைக்காரனும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. கீழே, இளம் பெண்களே இனிக்கப் பேசும் ஓநாய்களிடம் கவனம் என்ற பொருளில் ஒரு செய்யுள், அவ்வளவுதான். ஓநாயின் வயிற்றை வெட்டிப் பாட்டியையும் பேத்தியையும் உயிரோடு வெளியே எடுப்பது ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. பெரோவின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் நடுவர் உட்கார்ந்திருந்தால் கிரிம் சகோதரர்களுக்கும் பத்துக்கு நான்குதான்.

அந்தச் சகோதரர்களே தங்கள் கதைகளை அப்படியே விட்டுவைக்கவில்லை. 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் வெண்பனிச் சிறுமியைக் கொல்லப் பார்ப்பவள் பெற்ற தாய். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். பெற்றவள் செய்வாளா என்று அவர்களுக்கே கூசியிருக்க வேண்டும். இளவரசி முத்தமிட்டதும் தவளை இளவரசன் ஆனான் என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, கிரிம் தொகுப்பில் அவள் முத்தமிடவே இல்லை. தவளையைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள்.

தெமட்டகொடைத் தம்பி:

சிங்கள நாட்டார் கதைகளில் வரும் அசட்டு அறிவாளி மகாதெனமுத்தாவின் ஆடு மண்முட்டிக்குள் தலையை மாட்டிக்கொண்டபோது அவர் என்ன செய்யச் சொன்னார்? ஆட்டின் தலையை வெட்டு என்றார். பிறகு தலையை எடுக்க முட்டியை உடை என்றார். கதையைக் காப்பாற்றப் பிள்ளையின் புள்ளியை வெட்டிய நடுவரை நினைத்தால் எனக்கு அந்த ஆடுதான் ஞாபகம் வருகிறது.

கொட்டாஞ்சேனை டீச்சர்:

தெமட்டகொடைத் தம்பிக்கு, சிரித்தேன். ஆனால் நீங்கள் அதை நேராகத்தானே சொன்னீர்கள்? ஆடு தப்பியது என்று யாராவது மாற்றிச் சொல்வார்களா? சொன்னால் சிரிப்பு எங்கே இருக்கிறது? பரமார்த்த குருவும் சீடர்களும் அப்படித்தான். பகிடியாகவே பிறந்த கதையை ஒருவரும் தொடுவதில்லை, பாரமான கதையைத்தான் எல்லோரும் திருப்புகிறார்கள்.

மருதானைப் பித்தனுக்கு: மாற்றினார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையை மதித்து, முகத்தை நேராக வைத்துக்கொண்டு மாற்றினார்கள். பார்த்தாயா என் கெட்டித்தனத்தை என்று பெரியவர்களைப் பார்த்துக் கண்ணடிக்கவில்லை.

பழைய புத்தகப் பித்தன் (மருதானை):

கண்ணடித்தார்கள், டீச்சர். 1697ஆம் ஆண்டிலேயே அடித்தாயிற்று.

பெரோவின் உறங்கும் அழகி நூறு வருடத் தூக்கத்திலிருந்து எழும்புகிறாள். முழு அலங்காரம், பிரமாதமான உடை. இளவரசன் அவளைக் கைபிடித்து எழுப்பும்போது கவனிக்கிறான்: அது அவனுடைய பாட்டி காலத்து உடை, உயர்த்திய கழுத்துப் பட்டி வேறு. நூறு வருடம் பழைய மோஸ்தர். அதை அவளிடம் சொல்லாமல் கவனமாக வாயை மூடிக்கொள்கிறான் என்று எழுதுகிறார் மனிதர். மாமியார் வீட்டுக்கு முதன்முதல் போகிறவனுக்குத் தேவையான புத்தி முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கிரிம் தொகுப்பில் சிவப்புத் தொப்பிக்கு ஒரு வால் உண்டு, பிள்ளைகள் புத்தகங்களில் அநேகமாக வெட்டிவிடுவார்கள். முதல் ஓநாய் செத்த பிறகு இன்னொரு நாள் இரண்டாவது ஓநாய் வருகிறது. இந்தத் தடவை இருவரும் கதவைத் திறப்பதில்லை. ஓநாய் கூரையில் ஏறிக் காத்திருக்கிறது. பாட்டி முதல் நாள் தொத்திறைச்சி அவித்த தண்ணீரை வாசலில் இருந்த கல் தொட்டியில் ஊற்றச் சொல்கிறாள். சிறுமி சுமந்து சுமந்து ஊற்றுகிறாள். வாசனை மேலே போகிறது. ஓநாய் மோப்பம் பிடித்துக் கழுத்தை நீட்டி நீட்டி, கடைசியில் வழுக்கி நேரே தொட்டிக்குள் விழுந்து மூழ்கிச் சாகிறது. இது பகிடி இல்லாமல் வேறென்ன?

கொட்டாஞ்சேனை டீச்சர்:

அந்தத் தொட்டி எனக்குப் புதிது. முப்பது வருடமும் வாலில்லாத கதையைத்தான் கற்பித்திருக்கிறேன் போலிருக்கிறது. சரி.

ஆனாலும் பாருங்கள், ஓநாயை ஏமாற்றுவது இரண்டாம் தடவைதான் நடக்கிறது. முதல் தடவை விழுங்குகிறது.

நரியே போதும் (மட்டக்குளி):

இலங்கைக் காட்டில் ஓநாயே கிடையாது. நரிதான் இருக்கிறது. பிள்ளை கண்ணால் காணாத மிருகத்துக்காக இவ்வளவு சண்டையா?

மூன்றாம்மாடி அப்பா (வெள்ளவத்தை):

அண்ணா, காணாததுதான் எனக்கு வசதி. நரிக்கு வாய் நாறும் என்றால், பார்த்தவர் யாராவது வந்து மறுப்பார்.

பம்பலப்பிட்டி வாசகி:

இரண்டு பக்கமும் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு முடிவைவிடப் பெரிய மனக்குறை ஒன்று இருக்கிறது. செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போதெல்லாம் மகனுக்கு இந்த மாதிரிச் சிரிப்புக் கதைப் புத்தகங்களைத் தேடுவேன். தமிழில் கிடைப்பவற்றில் பல மொழிபெயர்ப்பு. எழுத்து தமிழ், பகிடி ஆங்கிலம். போன தடவை வாங்கிய ஒன்றில் மூன்று பன்றிக்குட்டிகள் பேசும் சிலேடை தமிழில் வரவில்லை என்பதற்காகப் பக்கத்தின் கீழே அடிக்குறிப்புப் போட்டிருந்தார்கள். மகன் அடிக்குறிப்பைச் சத்தமாக வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். புத்தகம் இப்போது மேசையின் ஆடுகிற காலுக்குக் கீழே இருக்கிறது.

சிண்டரெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். தேவதை வந்து, "ஒரு பூசணிக்காய் கொண்டு வா, வண்டி செய்து தருகிறேன்" என்கிறாள். நம்முடைய சிண்டரெல்லா குசினி முழுவதும் தேடுகிறாள், கிடைக்கவில்லை. ஏன்? சித்தி அதை முழுதாகச் சோற்றுக்குள் மறைத்து வைத்திருக்கிறாள். சோற்றைக் கிளறக் கிளறப் பூசணிக்காயின் காம்பு மெல்ல வெளியே தெரிகிறது. இதை மகனுக்குச் சொன்னபோது பழமொழி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. என் அம்மா அவனுக்கு விளக்கினார். ஒரு வாரமாக வீட்டில் யார் பொய் சொன்னாலும், "சோற்றுக்குள் காம்பு தெரிகிறது" என்கிறான். மூன்றாம்மாடி அப்பாவின் பஸ் இந்த வகை. பிள்ளை தினமும் ஏறும் பஸ்ஸில் ஓநாய் ஏறினால் சிரிப்பு தானாக வரும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

இது ஒன்றும் புது வேலை இல்லை. பஞ்சதந்திரத்தில் ஒரு பிராமணன் மாப்பானையைப் பார்த்து மனக்கோட்டை கட்டி, கனவிலேயே காலை உதைத்துப் பானையை உடைக்கிறான். அந்த மனக்கோட்டைதான் ஐரோப்பாவில் தலையில் பால் சுமக்கும் பெண்ணின் கதையாகிறது. பிரான்சில் 1678இல் லா பொந்தேன் அதைப் பாடினார். பிறகு அது பாட்டாக நம் பாடப்புத்தகத்துக்குள் வந்தபோது அவள் பருத்தித்துறைப் பவளக்கொடி. நாம் எல்லோரும் அதை மனப்பாடம் செய்தோம். யாராவது எழுந்து, "இது பிழை, பிராமணன் எங்கே?" என்று கேட்டோமா?

கொட்டாஞ்சேனை டீச்சர்:

பவளக்கொடியைக் கொண்டுவந்து என் வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள், பிள்ளை. அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்த வாய் இது. ஆனால் பால் கொட்டியதா, இல்லையா? கொட்டியது. ஊர் மாறியது, பெயர் மாறியது, பானை மட்டும் எல்லா ஊரிலும் கவிழ்ந்தது. தம்பியின் கதையில் பானை கவிழவே இல்லை. ஓநாய் விழுங்கவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நான் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் இதுதான்.

தம்பியிடம் ஒரு கேள்வி. உங்கள் மகளுக்கு விழுங்குகிற கதை தெரியுமா?

மூன்றாம்மாடி அப்பா (வெள்ளவத்தை):

இரண்டு நாள் இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் டீச்சரின் அந்தக் கேள்விதான். தெரியாது. நான் சொன்னதே இல்லை. பிள்ளை பயந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சொல்ல எனக்குத்தான் பயம்.

முந்தநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கிரிம் கதையை அப்படியே சொன்னேன். பஸ் இல்லை, இடியப்பம் இல்லை. "உன்னை விழுங்கத்தான்" என்ற இடத்தில் என் சுட்டுவிரலைப் பிடித்தாள். என் கதையில் ஒருநாளும் பிடித்ததில்லை. வேட்டைக்காரன் வயிற்றை வெட்டி இருவரையும் எடுத்து, சிறுமி கல் பொறுக்கிக்கொண்டு வந்து ஓநாயின் வயிற்றை நிரப்பும் வரைக்கும் விடவில்லை. பிறகு இருட்டில் ஒரு குரல்: "அப்பா, தைத்தார்களா? தைக்காவிட்டால் ஓநாய் எழும்பும்போது கல் எல்லாம் விழுந்துவிடுமே?" நான் தைத்தார்கள் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று இரவு அவளே பல் துலக்காத ஓநாயைக் கேட்டாள். வழக்கமாகச் சிறுமி கேள்வி கேட்கும் இடத்தில்தான் சிரிப்பாள். நேற்று அந்த இடத்தில் சிரிக்கவில்லை, காத்திருந்தாள். ஓநாய் வாயைத் திறக்க முடியாமல் திணறும் இடம் வந்ததும் கட்டிலே குலுங்கியது. பக்கத்து வீட்டார் சுவரில் தட்டினார்கள்.

நடுவரின் "பிழை" எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய புத்தகப் பித்தன் (மருதானை):

பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. சிவப்புத் தொப்பிக் கதையில் தையல் இல்லை! ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் என்ற கதையில்தான் தாய் ஆடு ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் வரவழைத்துத் தைக்கிறது. நீங்கள் இரண்டு கதையையும் சேர்த்துத் தைத்துவிட்டீர்கள்.

பம்பலப்பிட்டி வாசகி:

டீச்சர், இப்போது நீங்கள் நடுவர் என்றால் எத்தனை?

கொட்டாஞ்சேனை டீச்சர்:

ஏழு. விரலைப் பிடித்ததற்குத் தனியாக ஒன்று, ஆனால் அது அப்பாவுக்கு.

மற்ற இரண்டையும் ஏன் தரவில்லை என்றால், பஸ்ஸில் ஏறிய ஓநாயை அங்கேயே மறந்துவிட்டுக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டீர்கள். வெள்ளவத்தையிலிருந்து தெகிவளை வரை அது என்ன செய்தது? டிக்கெட் எடுத்ததா? கொண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லையா?

மூன்றாம்மாடி அப்பா (வெள்ளவத்தை):

மகளிடம் கேட்டேன். அரை டிக்கெட் எடுத்ததாம். மடியில் இன்னும் ஒருவரும் இல்லை என்பதால்.

கொட்டாஞ்சேனை டீச்சர்:

வயிற்றில் என்று சொல்லச் சொல்லுங்கள், தம்பி. மடியில் இல்லை, வயிற்றில்.