ரெஸ்யூமேவை நிராகரிக்கும் வேலையை ஏஐயிடம் விடலாமா?

கிண்டி ரெக்ரூட்டர்: சென்னையில் கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் சின்ன கன்சல்டன்சி எங்களுடையது. ஏஐ ஆட்டோமேஷன் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆள் வேலையில் சேர்ந்தால்தான் எங்களுக்குப் பணம். பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதே வேலை வேறு கன்சல்டன்சிகளிடமும் இருக்கும். யார் முதலில் ப்ரொஃபைல் அனுப்புகிறார்களோ அவர்கள் கணக்கில்தான் கேண்டிடேட். அதனால் ரெஸ்யூமேக்களைப் பார்த்துப் பொருந்தாதவற்றைக் கழிக்கும் ஸ்கிரீனிங்கை முதலில் ஏஐக்கு மாற்றப்போகிறேன். ஏஐ தரும் மதிப்பெண் குறைந்தால் நிராகரிப்பு மெயில் தானாகவே போய்விடும்.

தேன்மொழி: வேண்டாம். அமேசான் 2014இல் இப்படி ஒரு கருவியைச் செய்யத் தொடங்கியது. 10 ஆண்டு ரெஸ்யூமேக்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. கருவி பெண்களைக் கீழே தள்ளியது. கடைசியில் கைவிட்டார்கள், 2018இல் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது.

கிண்டி ரெக்ரூட்டர்: அது பழைய தொழில்நுட்பம். மனிதர்கள் மட்டும் நடுநிலையா? சாயங்காலம் களைத்துப்போன ரெக்ரூட்டர் கல்லூரிப் பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறார். பெயர், படம், வயதை மறைத்துக் கொடுத்தால் இயந்திரம் அதைவிட ஒழுங்காகப் பார்க்கும்.

தேன்மொழி: மறைத்தாலும் பாரபட்சம் போகாது. அமேசான் கருவி இரண்டு மகளிர் கல்லூரிகளின் பட்டதாரிகளுக்கே மதிப்பெண்ணைக் குறைத்தது. நம் ஊரில் எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ் என்று இருந்தால் போதாதா? படித்து முடித்த ஆண்டு வயதைச் சொல்லிவிடும். அமெரிக்காவில் ஐடியூட்டர் குரூப் என்ற ஆன்லைன் டியூஷன் கம்பெனியின் மென்பொருள் 55 வயதோ அதற்கு மேலோ ஆன பெண்களையும் 60 வயதோ அதற்கு மேலோ ஆன ஆண்களையும் தானாகவே நிராகரித்ததாக வழக்கு. 2023இல் 3,65,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். களைத்த ரெக்ரூட்டர் ஒரு நாளில் சிலரைத் தவறவிடுவார். இயந்திரம் ஒரே தவற்றை எல்லாரிடமும் செய்யும்.

மயிலாப்பூர் எச்ஆர்: நான் கிளையண்ட் பக்கம், அதாவது ஆள் எடுக்கும் கம்பெனியில். எங்களுக்கு அடி விழுவது ஆஃபர் கொடுத்த பிறகுதான். 90 நாள் நோட்டீஸ் பீரியடில் ஆள் வேறு ஆஃபரோடு போய்விடுவார். அந்த மூன்று மாதமும் தொடர்பில் இருப்பது, இன்டர்வியூ நேரம் குறிப்பது, ரெஸ்யூமேவை எங்கள் ஃபார்மெட்டுக்கு மாற்றுவது, இதையெல்லாம் முதலில் ஆட்டோமேட் பண்ணுங்கள்.

கிண்டி ரெக்ரூட்டர்: செய்கிறோம். ஆனால் ப்ரொஃபைல் முதலில் போகாவிட்டால் ஆஃபரே கிடையாது. சரி, நிராகரிப்பு மெயிலை நிறுத்துகிறேன். இயந்திரம் வரிசைப்படுத்தட்டும், மேலே உள்ளவர்களை ரெக்ரூட்டர் படிக்கட்டும்.

தேன்மொழி: முந்நூறாவது இடத்தில் இருப்பவரை யார் திறந்து பார்ப்பார்? மெயில் போகவில்லை என்பதைத் தவிர அவருக்கு என்ன வித்தியாசம்? வாராவாரம் கீழ்ப் பகுதியிலிருந்து சிலரைக் குலுக்கல் முறையில் எடுங்கள். மதிப்பெண்ணைக் காட்டாமல் ரெக்ரூட்டரிடம் கொடுத்து, 'இவரை அனுப்புவீர்களா?' என்று கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள். நியூயார்க் நகரத்தில் 2023 ஜூலை முதல் இத்தகைய கருவிகளுக்கு ஆண்டுதோறும் வெளியாள் தணிக்கை கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டமும் ஆளெடுப்பு ஏஐயை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது.

கிண்டி ரெக்ரூட்டர்: குலுக்கல் சோதனையைச் சேர்க்கிறேன். அதற்காக மேலே உள்ள ப்ரொஃபைல்களை நிறுத்திவைக்க மாட்டேன், அவை அன்றைக்கே போகும்.

தேன்மொழி: தாராளமாக அனுப்புங்கள். அனுப்பாத ஒருவர் போன் பண்ணிக் காரணம் கேட்டால், உங்கள் ஆபீஸில் யார் பதில் சொல்வார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.