கேரட் விளையும் மலையில் டின் காய் எதற்கு?

மஞ்சூர்_மழை:
போன வாரம் கோவை போனபோது டின் காய் ஒரு டஜன் வாங்கி வந்தேன். பட்டாணி, ஸ்வீட் கார்ன், காளான், கொண்டைக்கடலை. குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு, "நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு டின் காய் தின்கிற முதல் ஆள் நீதான்" என்று சிரித்தார். என் கவலை எனக்கு. ஆடி மழையில் மரம் விழுந்து ரோடு அடைத்தால் காய் வண்டி வராது, கரண்டும் இருக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். தனி ஆள், சின்னச் சம்பளம். டின் காயை வைத்துச் சத்தாகவும் சிக்கனமாகவும் சமைக்க முடியுமா?

கேத்தி_விவசாயி:
தம்பி, வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறீர்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பிய கேரட்டுக்கு லாரி வாடகைகூடத் தேறாத நாளெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் என்னவென்றால் கீழிருந்து டின்னைச் சுமந்துகொண்டு மலையேறுகிறீர்கள். உருளை, கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் எல்லாம் நாலு நாள் மழைக்கே கெட்டுப்போகிற காயா? கேரட்டை மட்டும் கழுவாமல் மண்ணோடு கேட்டு வாங்குங்கள். மெஷினில் கழுவிப் பளபளவென்று வருவது சீக்கிரம் அழுகும். தழையைக் கிள்ளிவிட்டுச் சாக்கில் போட்டு நிழலில் வையுங்கள், நம் குளிருக்கு நன்றாகத் தாங்கும்.

குன்னூர்_அக்கா:
அண்ணே, உங்கள் ஆதங்கம் நியாயம்தான். ஆனால் தம்பி கேட்டது வேறு. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: டின் என்றாலே சத்து செத்தது என்று நினைப்பது தப்பு. காற்றுப் புகாமல் அடைத்து அதிகச் சூட்டில் வேகவைப்பதால்தான் அது கெடுவதில்லை. அந்தச் சூட்டில் வைட்டமின் சி-யும் பி1-ம் குறையும். நார்ச்சத்தும் புரதமும் பெரிதாகக் குறையாது. பயப்பட வேண்டியது உப்புக்குத்தான். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டின்னில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காயைக் குழாயில் நன்றாக அலசுங்கள். உப்பில் மூன்றில் ஒரு பங்காவது போகும். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி தாளித்துக் கொண்டைக்கடலையைப் புரட்டி, தேங்காய்த் துருவல் போட்டு இறக்கினால் பத்து நிமிடத்தில் சுண்டல். ருசி பார்த்த பிறகுதான் உப்பு. கைப்பழக்கத்தில் முதலிலேயே போட்டுவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
டின்மேல் பொடி எழுத்தில் இருப்பதை யாராவது படித்தீர்களா? என் வீட்டில் இருக்கும் 800 கிராம் காளான் டப்பாவில், வடித்த எடை 440 கிராம். மீதி உப்புத் தண்ணீர். அதையும் அக்கா கொட்டச் சொல்கிறார்! பட்டாணி இன்னும் வேடிக்கை. பல டின்களில் இருப்பது காய்ந்த பட்டாணியை ஊறவைத்து அடைத்ததுதான். அதையே மளிகைக் கடையில் வாங்கி ராத்திரி ஊறப்போட்டால் எடை இரண்டு பங்காகும். டின் விலைக்கு ஒரு வாரம் ஓட்டலாம். இதில் சிக்கனம் எங்கே இருக்கிறது?

ஹில்பங்க்_ரூம்மேட்:
கேஸ் செலவைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் எப்படி அண்ணா? ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரி வருவதற்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலையைப் போட்டால் சிலிண்டர்தான் தீரும், கடலை வேகாது. குக்கரிலும் அப்படித்தான். திருச்சியில் அம்மா வைக்கிற விசில் கணக்கு இங்கே செல்லாது, கூடவே நாலைந்து வைக்க வேண்டும். டின் ஏற்கெனவே வெந்தது, சூடு பண்ணினால் போதும்.

கணக்குப்பிள்ளை:
கேஸை விட்டுவிட்டேன், சரி. ஆனாலும் வாரம் ஒரு தடவை குக்கர் நிறைய வேகவைத்துப் பாதியை ஃப்ரீசரில் வைத்தால் டின்னைவிட மலிவுதான். குளிரில் ஊறமாட்டேன் என்கிறதா, சுடுதண்ணீரை ஊற்றி ஹாட்பாக்ஸில் மூடி வையுங்கள்.

மஞ்சூர்_மழை:
கரண்ட் இல்லாத ஊரில் ஃப்ரீசரா அண்ணா?

கேத்தி_விவசாயி:
ஒரு யோசனை. விலை விழுந்த கேரட்டை நாமே வேகவைத்துக் கண்ணாடி பாட்டிலில் அடைத்தால் என்ன? பாட்டிலோடு கொதிக்கிற தண்ணீரில் வைத்து எடுத்தால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

குன்னூர்_அக்கா:
ஐயோ, வேண்டவே வேண்டாம் அண்ணே. கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் புளிப்பில்லாத காய். காற்றில்லாத பாட்டிலுக்குள் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமி வளர்ந்து நச்சு உண்டாகலாம். அந்தக் கிருமியின் வித்து 100 டிகிரியிலேயே சாகாது. தொழிற்சாலையில் அழுத்தம் கொடுத்து 121 டிகிரி வரை ஏற்றுவது அதற்காகத்தான். ஊட்டியில் கொதிநீர் 93-ஐத் தொடாது என்று ரூம்மேட் தம்பி இப்போதுதான் சொன்னார். முகர்ந்து பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. பேசாமல் வினிகர் ஊற்றி ஊறுகாய் போடுங்கள், புளிப்பு இருந்தால் அந்தக் கிருமி வளராது. கடை டின்னும் அப்படித்தான் தம்பி: உப்பியிருந்தால், கசிந்தால், விளிம்பு மடிப்பு நசுங்கியிருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். திறந்தால் மீதியை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். கரண்ட் இல்லையென்றால் அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள்.

கேத்தி_விவசாயி:
சரிம்மா, பாட்டில் யோசனையை விட்டேன். ஆனால் டின் காயை ஒத்துக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோத்தகிரி_ஜன்னல்:
காலி டின்னைக் கழுவாமல் வெளியே வீசாதீர்கள். எங்கள் தெருவுக்கு வாசம் பிடித்துக் கரடி வருகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மஞ்சூர்_மழை:
எல்லோருக்கும் நன்றி. கொண்டைக்கடலை நாலு டின்னையும் கார்னையும் மழைக்கு என்று பரண்மேல் வைத்துவிட்டேன். பட்டாணி டின்னில் பொடி எழுத்தைப் படித்தேன், கணக்கு அண்ணன் சொன்னது சரிதான். அது தீர்ந்தால் இனி காய்ந்த பட்டாணிதான். இன்று ராத்திரி அந்தப் பட்டாணியோடு மண் கேரட்டும் உருளையும் போட்டுக் குருமா. காளான் டின்னில் ஒன்றை அடுத்த வீட்டு அண்ணனுக்குக் கொடுத்தேன். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்கிறார்.